காஞ்சொறியும் கடற்சொறியும்

பாம்பனின் வடகரையில் கரைவலையின் மடி மணலில் ஏறியதும் பெரியவர்களின் கண் முதலில் தேடுவது மீனை அல்ல, ஜெல்லி மீன் என்று சொல்லப்படும் சொறியை. நுங்கைப்போலக் குழைந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கும் அந்தக் குவியலுக்குள் கையை விட்டுத்தான் சூடையையும் காரலையும் பிரித்தெடுக்க வேண்டும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சித்தப்பா தடுப்பதற்குள் ஓடிப்போய்க் கையை விட்டுவிட்டேன். முழங்கை வரை நெருப்புப் பட்டதுபோல எரிந்தது. சிவந்த கோடுகள் எழுந்தன. ஒவ்வொரு கோட்டின் மீதும் ஊசியால் புள்ளி குத்தியதுபோல வரிசையாகத் தடிப்புகள். அழுதுகொண்டே மணலை அள்ளித் தேய்க்கப்போன என் கையைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். “மண்ணப் போட்டுத் தேய்க்காத தாயி. சொறி செத்தாலும் அதோட சுணை சாகாது” என்று சொல்லிவிட்டு, கடல்நீரையே மொண்டு மொண்டு ஊற்றினார்.

பிற்காலத்தில் நான் விலங்கியல் படித்தேன். அதையே முப்பது ஆண்டுகள் பாடமாகவும் நடத்தினேன். சித்தப்பா அன்று சொன்னதில் திருத்த வேண்டியது எதையும் இன்றுவரை நான் காணவில்லை. அவர் வாயில் வந்த இரண்டு சொற்களைத்தான் அதன்பிறகு அதிகம் யோசித்திருக்கிறேன். வேலியோரத்தில் படரும் காஞ்சொறியின் இலையில் உள்ள மெல்லிய முள்மயிருக்குச் சுணை என்று பெயர். தொட்டால் அரிக்கும், தடிக்கும். கடலில் மிதந்து வந்த உயிரைத் தொட்டுவிட்டு அதே அரிப்பை உணர்ந்த மனிதர், செடிக்கு இருந்த பெயரையே அதற்கும் வைத்தார். இந்த விலங்குத் தொகுதிக்கு அறிவியல் உலகம் வைத்திருக்கும் நிடேரியா என்ற பெயரும் இதே வழியில் பிறந்ததுதான்; அதன் கிரேக்க வேர்ச்சொல், தொட்டால் அரிக்கும் ஒரு செடியைக் குறிக்கிறது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு கடற்கரை மக்கள், ஒரே உயிரைத் தொட்டு, ஒரே விதமான செடியை நினைத்திருக்கிறார்கள்.

என் மாணவப் பருவத்துப் பாடநூல்களில் இத்தொகுதிக்குக் குழியுடலிகள் என்று பெயர். உடலுக்குள் ஒரே ஒரு குழி; அதுவே வயிறு, அதற்கு ஒரே வாசல். பெயர் பொருத்தமானதுதான். ஆனால் அந்தப் பெயரின் கீழ் சீப்புச் சொறிகள் என்ற வேறொரு கூட்டத்தையும் சேர்த்து வைத்திருந்தார்கள். பார்வைக்குச் சொறியைப் போலவே கண்ணாடித்தனமாக இருக்கும் அவற்றுக்குச் சுணை கிடையாது. இரையைப் பசைபோன்ற செல்களால் ஒட்டிப் பிடிக்கும். அவை இப்போது தனித் தொகுதியாகப் பிரிக்கப்பட்டுவிட்டன. மீதமுள்ள 11,000க்கும் மேற்பட்ட இனங்களை ஒரே குடும்பமாகக் கட்டி வைத்திருப்பது சுணைதான். கடலில் மிதக்கும் சொறி, பாறையில் ஒட்டியிருக்கும் கடல் சாமந்தி, கடல் விசிறி, குளத்துப் பாசியில் தொங்கும் ஹைட்ரா, தீவையே கட்டி எழுப்பும் பவளம் ஆகிய எல்லாம் அதில் அடங்கும். எனவே என்னைக் கேட்டால், இவற்றுக்கெல்லாம் சொறிக் குடும்பம் என்று பெயர் வைப்பதே சரி என்பேன். பவளமும் சொறிதான் என்று வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் நம்ப மறுப்பார்கள். கல்லாகக் கிடப்பது எப்படிக் கொட்டும் என்பார்கள்.

அந்தக் கேள்வி வரும் நாளில் நான் ஹைட்ராவை எடுத்துக்கொண்டு வருவேன். தெளிந்த குளத்தின் நீர்ப்பாசியைக் கண்ணாடிக் குடுவையில் ஒரு நாள் அசையாமல் வைத்தால், அரை அங்குலத்துக்கும் குறைவான நூலிழைபோலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அது தலைகாட்டும். அதன் ஒரு கையை நறுக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால், கை முழுவதும் முடிச்சு முடிச்சாக இருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்குள்ளும் பேரிக்காய் வடிவத்தில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவில், பளபளக்கும் உறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். உறைக்குள் ஒரு குழல், கயிற்றைச் சுற்றி வைத்ததுபோல், சட்டையின் கையை உட்புறமாகத் திருப்பி வைத்ததுபோல் மடிந்திருக்கும். தகட்டின் ஓரத்தில் நீர்த்த அசெட்டிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் போதும். கண்ணிமைத்தால் தவறிவிடும்; இமைக்காமல் பார்த்திருந்தாலும் தவறிவிடும். முன்பு உறை இருந்தது, இப்போது உறையின் வாயில் முள்ளோடு கூடிய நீண்ட நூல் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே தெரியும். இடையில் நடந்ததை மனிதக் கண்ணால் பிடிக்க முடியாது.

அதிவேகப் படக்கருவியால் அதைப் பிடித்தவர்கள் 2006இல் வெளியிட்ட கணக்கு இது. ஹைட்ராவின் சுணை வெளியே பாயும் முதற்கட்டத்துக்கு ஆகும் நேரம் 700 நானோ விநாடி, அதாவது ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்போது முள் முனை அடையும் முடுக்கம், புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் 50 லட்சம் மடங்குக்கும் அதிகம். தசையால் இப்படி ஒரு விசையைத் தர முடியாது. இந்த விசை உறைக்குள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் அழுத்தத்திலிருந்து வருகிறது. செல் தன் உறைக்குள் ஒரு வேதிப்பொருளை அளவுக்கு மீறிச் செறிவாகச் சேர்த்து வைக்கிறது. அந்தச் செறிவு நீரை உள்ளே இழுக்க, உறையின் உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் 150 மடங்காக ஏறுகிறது. நம் தசைநாண்களில் இருக்கும் கொலாஜன் புரதத்தின் சிறு வடிவம் ஒன்றுதான் அந்த உறையை வெடிக்காமல் கட்டி வைத்திருக்கிறது. செல்லின் வெளிப்பக்கத்தில் ஒரு மயிர் நீட்டிக்கொண்டிருக்கும். இரையின் தொடுதலும் அதன் உடலிலிருந்து வரும் வேதி வாசமும் சேரும்போது மூடி திறக்கும். ஒரு சுணை ஒரு முறைதான் பாயும். பாய்ந்த செல் அத்துடன் முடிந்தது. அதன் இடத்தில் புதிய செல் வளர வேண்டும்.

எல்லாம் முன்கூட்டியே ஏற்றி வைக்கப்பட்டிருப்பதால், சுணை பாய்வதற்கு உயிர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கரையில் ஒதுங்கிக் காய்ந்துபோன கீற்றின்மீது ஈரம் பட்டால்கூட மிச்சமிருக்கும் சுணைகள் பாயும். சித்தப்பா சொன்னது இதைத்தான். மணலைப் போட்டுத் தேய்த்தால், தோலில் ஒட்டியிருக்கும் இன்னும் வெடிக்காத ஆயிரக்கணக்கான உறைகளை நாமே அழுத்தி வெடிக்க வைக்கிறோம். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான். உப்புச் செறிவு திடீரென்று குறைவது அவற்றைத் தூண்டும். கடல்நீரால் கழுவி, ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறையோ குச்சியோ கொண்டு மெல்ல எடுத்துவிட்டு, பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அந்த உறுப்பை வைத்திருந்தால் வலி தணியும். மூச்சுத் திணறலோ மயக்கமோ தெரிந்தால் அடுத்த நொடியே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். வினிகர் ஊற்றலாமா என்று பலரும் கேட்பதுண்டு. ஹைட்ராவின் சுணையை வெடிக்க வைக்கும் அதே அமிலம், பெட்டிச் சொறி என்ற கொடிய வகையின் சுணையை வெடிக்கவிடாமல் அடக்கிவிடுகிறது. ஒரு குடும்பமாக இருந்தாலும் உறைகளின் வகைகள் பல என்பதால், எல்லாச் சொறிக்கும் ஒரே மருந்து என்று சொல்வதற்கில்லை.

இத்தனை நுட்பமான ஆயுதத்தை வைத்திருக்கும் உடல் எவ்வளவு எளிமையானது என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. வெளியே ஒரு செல் அடுக்கு, உள்ளே ஒரு செல் அடுக்கு, இரண்டுக்கும் நடுவே குழம்புபோல ஓர் இடைப்பொருள். மூளை கிடையாது, உடல் முழுவதும் வலைபோலப் பின்னிய நரம்புகள் உண்டு. இதயம் கிடையாது, குருதி கிடையாது, செவுள் கிடையாது. உண்ட வாயாலேயே கழிவையும் வெளியேற்ற வேண்டும். இந்த உடலை ஒரு கிண்ணம் என்று வைத்துக்கொள்ளலாம். கிண்ணத்தை நிமிர்த்தி, அடியைத் தரையில் ஒட்டி, விளிம்பைச் சுற்றிக் கைகளை நட்டுவைத்தால் அது பாலிப். கடல் சாமந்தியும் பவளமும் ஹைட்ராவும் அந்த நிலையில் வாழ்பவை. அதே கிண்ணத்தைக் கவிழ்த்து, இடைப்பொருளைத் தடிக்கவிட்டு, நீரில் மிதக்கவிட்டால் அது மெடூசா. நாம் சொறி என்று அழைப்பது அதைத்தான்.

இவை இரண்டும் வெவ்வேறு விலங்குகளின் வடிவங்கள் மட்டுமல்ல, பல இனங்களில் ஒரே விலங்கின் வாழ்க்கையில் வரும் இரண்டு கட்டங்கள் என்பது தெரியவர நெடுங்காலம் ஆயிற்று. பின்னாளில் நார்வே நாட்டுக் கடற்கரையில் பாதிரியாராகப் பணியாற்றிய மைக்கேல் சார்ஸ், 1829இல் கடலடியில் ஒட்டி வாழும் இரண்டு சிற்றுயிர்களைக் கண்டு, இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்தார். ஒன்று சிறு பூப்போல் இருந்தது. மற்றொன்று தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதுபோல் இருந்தது. பொறுமையாகத் தொடர்ந்து பார்த்தபோது, முதல் உயிரே இரண்டாவதாக மாறுவதையும், அந்த அடுக்கின் உச்சியிலிருந்து ஒவ்வொரு தட்டாகக் கழன்று துடித்துக்கொண்டே நீந்திப் போவதையும், நீந்திப் போன அந்தச் சின்னஞ்சிறு நட்சத்திரம் வளர்ந்து நாமறிந்த நிலாச் சொறியாவதையும் கண்டு எழுதினார். தான் பெயரிட்ட இரண்டும் தனித்தனி விலங்குகளே அல்ல, ஒரு சொறியின் இளமைப் பருவங்கள் என்று அவரே நிறுவினார். தன் முந்தைய முடிவைத் தானே மறுத்து எழுதிய அந்தப் பாதிரியாரை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நினைவுகூர்ந்திருக்கிறேன்.

இந்த வட்டத்தைப் பின்னோக்கிச் சுழற்றும் இனமும் உண்டு. டுரிடாப்சிஸ் டோர்னி என்ற சொறி, கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கும். பட்டினி கிடந்தாலோ காயப்பட்டாலோ அது சுருங்கித் தரையில் படிந்து, மீண்டும் பாலிப்பாகிவிடுகிறது. கனிந்த பழம் மறுபடி பூவாவதைப்போன்ற இச்செயலை இத்தாலிய ஆய்வாளர்கள் 1990களில் பதிவு செய்தார்கள். அதைச் சாகாத உயிர் என்று செய்திகளில் எழுதுகிறார்கள். மீன் விழுங்கினால் அதுவும் சாகும். ஆனால் வயது முதிர்வதால் மட்டும் சாக வேண்டியதில்லை.

பவளத்துக்கு மெடூசாப் பருவமே கிடையாது. குஞ்சாக இருக்கும் சில நாட்கள் மட்டும் நீரில் அலைந்துவிட்டு, இடம் பிடித்து உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். அதைக் காட்ட மாணவர்களை நான் கடலுக்குள் அழைத்துப் போனதில்லை. தனுஷ்கோடிக்கு அழைத்துப் போவேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊரில் மிச்சமிருக்கும் தேவாலயச் சுவர் பவளக் கற்களால் கட்டப்பட்டது. தொலைவிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொரிந்த சுவர். உள்ளங்கை அளவு உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு நெருங்கினால், கல் முழுவதும் வட்டமான சிறு கிண்ணங்கள். ஒவ்வொரு கிண்ணத்துக்குள்ளும் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடும் மெல்லிய தகடுகள், வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப்போல. தேயாத கிண்ணம் ஒன்றைத் தேடிப் பிடித்து எண்ணச் சொல்வேன். தகடுகள் ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று ஆறின் மடங்குகளாகவே வரும். ஒவ்வொரு கிண்ணமும் ஒரு விலங்கு உட்கார்ந்திருந்த இருக்கை. அந்த விலங்கு, அடிப்புறத்திலிருந்து கால்சியம் கார்பனேட்டைச் சுரந்து சுரந்து தன்னைத் தானே உயர்த்திக்கொண்ட ஒரு கடல் சாமந்தி என்று சொல்லிவிட்டால், அதன்பிறகு யாரும் அதைக் கல் என்று சொல்வதில்லை.

அதைக் கல் என்றும் செடி என்றும் உலகமே நம்பிய காலம் இருந்தது. மார்செய் நகரத்து மருத்துவர் ழான் ஆந்த்ரே பெசோனெல், 1720களில் வட ஆப்பிரிக்கக் கடற்கரையில் செம்பவளத்தைக் கடல்நீர் நிறைந்த பாத்திரத்தில் வைத்துக் கவனித்தார். அதற்கு முன்பே வேறொருவர் பவளத்தின் பூக்கள் என்று அறிவித்திருந்தவை, தொட்டால் சுருங்குவதையும் விட்டால் விரிவதையும் கண்டு, அவை பூவல்ல, விலங்கு என்று பாரிஸ் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். அங்கே பெரும்பெயர் பெற்றிருந்த ரியமூர் அதை ஏற்கவில்லை. இப்படி ஒரு கருத்தைச் சொன்னவரின் மானம் போகக்கூடாது என்று எண்ணி, பெயரைக் குறிப்பிடாமலேயே மறுத்து எழுதினார். பிறகு 1740இல் ஆபிரகாம் திரெம்பிளே நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஹைட்ராவைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டும் முழு ஹைட்ராவாக வளர்வதைக் காட்டினார். செடியைப்போல் துளிர்க்கும் ஒன்று, இரையைப் பிடித்து விழுங்கும் விலங்காகவும் இருக்க முடியும் என்பதற்குக் குளத்து நீரிலேயே சான்று கிடைத்த பிறகுதான், ரியமூர் தன் தவற்றை ஒப்புக்கொண்டு பெசோனெலின் பெயரை வெளிப்படையாகச் சொன்னார்.

பெசோனெல் பார்த்த செம்பவளம், நம் நகைக்கடையில் பவளம் என்று விற்பதுதான். மத்தியதரைக் கடலில் விளையும் அது, பழைய தமிழில் துகிர் என்று பெயர் பெற்று, ரோமானிய வணிகர்களின் கப்பல்களில் இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. அதன் பாலிப்புக்குச் சிறகுபோன்ற எட்டுக் கைகள். தனுஷ்கோடிச் சுவரில் இருப்பது ஆறின் மடங்குக் குடும்பம். அதன் எலும்பு வெள்ளை. மன்னார் வளைகுடாவின் பவளப்பாறையை எத்தனை ஆண்டுகள் தோண்டினாலும் தாலிக்கொடியில் கோக்க ஒரு மணி கிடைக்காது. பவளப்பாறை என்ற சொல்லைக் கேட்டுச் செக்கச்செவேலென்று எதிர்பார்த்து வருபவர்கள், பழுப்பும் பச்சையும் கலந்த மேடுகளைக் கண்டு ஏமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மீனவர்கள் இதைப் பார் என்கிறார்கள். அந்தச் சொல் யாரையும் ஏமாற்றுவதில்லை.

அந்தப் பழுப்பு நிறம் பவளத்தினுடையது அல்ல. பாலிப்பின் உள் அடுக்குச் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகளின் நிறம் அது. பகலில் பாசி வெயிலை வாங்கிச் சமைக்கிறது. சமைத்ததில் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுக்கிறது. சில இனங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இப்படிக் கிடைக்கிறது. பதிலுக்குப் பவளத்தின் கழிவிலிருந்து நைட்ரஜனும் பாஸ்பரஸும், தங்க ஒரு பாதுகாப்பான இடமும் பாசிக்குக் கிடைக்கின்றன. இரவானதும் பவளம் தன் பழைய குடும்பத் தொழிலுக்குத் திரும்புகிறது: கிண்ணங்களிலிருந்து கைகளை நீட்டி, நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களைச் சுணையால் பிடிக்கிறது. பக்கத்தில் வேறினப் பவளம் நெருங்கி வளர்ந்தால், அதையும் கொட்டி ஒதுக்குகிறது. கல் எப்படிக் கொட்டும் என்ற கேள்விக்கு இரவில்தான் விடை கிடைக்கும்.

நீர் சில வாரங்கள் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பாகை கூடுதலாகச் சூடாக இருந்தால் இந்த உறவு முறிகிறது. வெப்பத்தால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி, செல்லை அரிக்கும் ஆக்சிஜன் வடிவங்களை உமிழத் தொடங்குகிறது. பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது. பாசி போனதும் பவளத்தின் தசை கண்ணாடிபோலாகி, அடியிலுள்ள வெள்ளை எலும்பு தெரிகிறது. அதையே வெளிறல் என்கிறோம். வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. பட்டினி கிடக்கும் பவளம். நீர் விரைவில் தணிந்தால் பாசி மீண்டும் குடியேறும். தணியாவிட்டால் சில வாரங்களில் தசை அழிந்து, எலும்பின்மேல் வேறு பாசிகள் படரும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இது பெரிய அளவில் நடந்தது. உருண்டைப் பாறைபோல வளரும் போரைட்டஸ் வகைகள் வெளிறினாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டன. மான்கொம்புபோலக் கிளைக்கும் அக்ரோபோரா வகைகள் கூட்டமாக மடிந்தன. 2024 ஏப்ரலில், உலகக் கடல்கள் நான்காவது உலகளாவிய வெளிறலுக்கு உள்ளாகியிருப்பதாக அறிவிக்கப்பட்டது.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள் என்று பாடநூலில் படித்தோம். இவற்றைச் சுற்றி 117 பவள இனங்கள் பதிவாகியுள்ளன. தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் இன்று நீருக்கு மேல் இல்லை. பல்லாண்டுக் காலம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளத்தைப் பெயர்த்துத் தோணி தோணியாகக் கொண்டுபோனார்கள். அலையை வாங்கி உடைத்துக்கொண்டிருந்த பார் போனபின், மணல் தீவு அலைக்கு நேராக நின்று கரைந்தது. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவானது. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. என் அப்பா கட்டிய வீட்டின் பூச்சிலும் அந்தச் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த நாளில் யாருக்கும் அது விலங்கு என்று தெரியாது. தெரிந்தவர்கள் வந்து சொல்லவும் இல்லை. இத்தனைக்கும், பவளப்பாறைகளைப் பற்றிய முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு 1969 ஜனவரியில் கூடியது எங்கள் மண்டபம் முகாமில்தான். உலகின் பவள ஆய்வாளர்கள் இன்றும் தங்கள் கூட்டங்களை அதிலிருந்தே எண்ணி வருகிறார்கள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நாட்களிலும் தோணிகள் கல் ஏற்றிக்கொண்டிருந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது.

குடும்பத்தின் மற்றக் கிளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீல நிறக் காற்றுப்பையோடு கரையொதுங்கும் பிசாலியா, பார்வைக்கு ஒரு சொறி. உண்மையில் ஒரு கூட்டுக் குடித்தனம். மிதக்கும் பை ஒரு உறுப்பினர், தின்பவர்கள் சிலர், கொட்டுபவர்கள் சிலர், இனம் பெருக்குபவர்கள் சிலர். எல்லோரும் ஒரே முட்டையிலிருந்து மொட்டுவிட்டுப் பிறந்தவர்கள். ஒருவரை விட்டு ஒருவர் வாழ முடியாதவர்கள். 1901இல் மொனாக்கோ இளவரசரின் ஆய்வுக் கப்பலில் சென்ற சார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேயும் இந்தப் பிசாலியாவின் நஞ்சை ஆராயத் தொடங்கினார்கள். பாரிஸ் திரும்பியபின் பிசாலியா கிடைக்காததால், கடல் சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிறிதளவு கொடுத்துப் பழக்கப் பார்த்தார்கள். முதல் முறை தாங்கிக்கொண்ட நாய், சில வாரங்கள் கழித்து மீண்டும் சிறிதளவு கொடுத்தபோது நிமிடங்களில் செத்துப்போனது. ஒருமுறை பட்ட நஞ்சு உடலைக் காப்பதற்கு மாறாக, அடுத்த முறைக்கு அதீத எதிர்வினைக்குத் தயார் செய்துவிடக்கூடும் என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்று வேர்க்கடலையோ குளவிக் கடியோ சிலரை உயிருக்கே ஆபத்தான நிலைக்குத் தள்ளுவதை மருத்துவர்கள் அனபிலாக்சிஸ் என்கிறார்கள். அந்தச் சொல் பிறந்தது இங்கே. ரிஷேவுக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒளிரும் சொறியிலிருந்து பச்சை ஒளிர்புரதத்தைப் பிரித்தெடுத்த ஒசாமு ஷிமோமுராவுக்கு, அதை ஆய்வுக்குப் பயன்படும் கருவியாக்கிய இருவரோடு சேர்த்து, 2008இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

மூளை இல்லை என்றேன். கண் இல்லை என்று சொல்லவில்லை. பெட்டிச் சொறிக்குக் கண்கள் 24. கன சதுர உடலின் நான்கு பக்கங்களிலும் ஒவ்வொரு காம்பு தொங்குகிறது. காம்புக்கு ஆறு கண்கள். அவற்றில் சிலவற்றுக்கு வில்லையும் விழித்திரையும் உண்டு. காம்பின் அடியில் ஒரு கனமான படிகம் இருப்பதால், உடல் எப்படிப் புரண்டாலும் மேற்கண் வானத்தையே பார்த்தபடி நிற்கும். கரீபியக் கடலோர அலையாத்திக் காட்டில் வாழும் விரல்நக அளவு பெட்டிச் சொறி, நீருக்கு மேலே தெரியும் மரக்கிளைகளின் நிழலை அந்தக் கண்ணால் பார்த்துத்தான் தன் இருப்பிடத்துக்குத் திரும்புகிறது. தொட்டிச் சுவரில் வரைந்த மங்கலான கோடுகளில் சில முறை மோதியபின், அவற்றை விட்டு விலகிப்போக அது கற்றுக்கொண்டதை 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. கற்பதற்கு மூளை வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் வகுப்பில் சொல்லி வந்த நான், அதைப் படித்த அன்று என் பழைய மாணவர்கள் சிலருக்குத் தொலைபேசியில் அழைத்துத் திருத்தம் சொன்னேன்.

மறுகோடியில், மீன்களின் தசைக்குள் ஒட்டுண்ணியாக வாழும் மிக்சோசோவா உயிர்கள் இருக்கின்றன. பத்துக்கும் குறைவான செல்களாகச் சுருங்கிவிட்ட இவற்றை நெடுங்காலம் ஒற்றைச் செல் உயிர்களோடு வைத்திருந்தார்கள். கையில்லை, வாயில்லை, வயிறில்லை. ஆனால் வித்தின் ஒரு முனையில், சுருட்டிய நூலோடு கூடிய உறைகள் இருந்தன. சொறிக் குடும்பத்தின் அதே சுணை. இன்று அது புதிய மீனின் உடலைப் பற்றிக்கொள்ளப் பயன்படுகிறது. மரபணு ஆய்வும் அதையே உறுதி செய்தது. சால்மன் மீனில் வாழும் ஹெனெகுயா என்ற இனம், செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியையே இழந்து, ஆக்சிஜனைச் சுவாசிக்காமல் வாழ்வதாக 2020இல் கண்டறியப்பட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்ட பின்னும் சுணையை மட்டும் அது விடவில்லை.

இப்போது சொறிக்கு விலை வந்திருக்கிறது. தமிழக, ஆந்திரக் கரைகளில் கிடைக்கும் கிராம்பியோனெல்லா என்ற கெட்டியான வகையை உப்பும் படிகாரமும் போட்டுப் பதப்படுத்தி, சீனாவுக்கும் தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கும் அனுப்புகிறார்கள். கல்பாக்கத்தில் அணுமின் நிலையத்தின் குளிர்நீர் வழியில் அவை திரண்டு அடைப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். சுவீடனில் 2013இல் நிலாச் சொறிக் கூட்டத்தால் ஓர் அணுஉலையை நிறுத்த வேண்டியிருந்தது. இந்தத் திடீர்ப் பெருக்கத்தின் வேர் கடலடியில் இருக்கிறது. சார்ஸ் பார்த்த அந்தத் தட்டு அடுக்குகள், தூண்களிலும் சிப்பி ஓடுகளிலும் மிதவைகளின் அடிப்புறத்திலும் ஒட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. பருவம் வந்தால் அவை ஒரே சமயத்தில் கழன்று கிளம்பும். கடலில் மனிதர் இறக்கும் ஒவ்வொரு கட்டுமானமும் அவற்றுக்குப் புதிய திண்ணை.

சென்ற மாசியில் பாம்பன் போயிருந்தேன். சித்தப்பாவின் மகன் வலையிலிருந்து பெரிய சொறி ஒன்றைச் சாக்கால் பிடித்து, கடல்நீர் நிரம்பிய அண்டாவில் விட்டு, “அக்கா, கிட்ட வந்து பாருங்க, கையை மட்டும் விட்றாதீங்க” என்றான். குடையின் அடியில், தொங்கும் கைகளுக்கு நடுவே, சுண்டுவிரல் நீளத்தில் ஏழெட்டுப் பாரைக் குஞ்சுகள் சொறியின் துடிப்புக்கு ஏற்ப முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தன. பெரிய மீன் எதுவும் நெருங்காத இடம் அது என்று அவற்றுக்குத் தெரிந்திருந்தது. ஒரு குஞ்சுகூடச் சுணையில் படவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு, அவன் அண்டாவை இரண்டு கையாலும் தூக்கி, இடுப்பளவு நீர் வரை நடந்துபோய், குஞ்சுகளோடு சேர்த்தே சொறியைச் சாய்த்துவிட்டான்.